உம் கொட்டிய செம்போத்து

வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் ஒரு செம்போத்து இருந்தது. கரையை ஒட்டி, கண்மாய்க்குள்ளேயே நின்ற கருவேல மரம்தான் அதன் வீடு. கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாய் முழுக்கக் கோரையும் நாணலும் முளைத்துவிடும். உடனே முயல், உடும்பு, கௌதாரி எல்லாம் உள்ளே குடிவந்துவிடும்.

செம்போத்தின் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? "உம்... உம்... உம்..." என்று அடித்தொண்டையிலிருந்து வரும். யாராவது கதை சொன்னால் நாம் உம் கொட்டுவோமே, அதே சத்தம்தான். அதனால்தானோ என்னவோ, கண்மாயில் யாருக்கு மனக்கஷ்டம் வந்தாலும் நேரே கருவேல மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். அதற்கு 'உம்மண்ணன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் செம்போத்து போலி இல்லை. ஊருக்கு உபதேசம் செய்கிற ஆளும் இல்லை. "உன் கஷ்டத்துக்கு விடை உன்கிட்டயே இருக்கு. அதைத் தேடி எடுக்க நான் கேள்வி மட்டும் கேட்பேன்" என்று சொல்லும். அந்தக் கேள்விகளும் நல்ல கேள்விகள்தான். குழம்பிப்போய் வந்தவர்கள் தெளிந்து போவார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

"உம்மண்ணே, மனசு லேசாயிருச்சு!" என்று கௌதாரி சொல்லும்.

"உங்ககிட்ட பேசுனாலே பாதிப் பாரம் குறைஞ்சிருது!" என்று உடும்பு சொல்லும்.

செம்போத்துக்குத் தலை கால் புரியாது. சிவந்த கண்ணை உருட்டி உருட்டிச் சந்தோஷப்படும். மனசு லேசானவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று அது ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அதுதான் அதனிடம் இருந்த ஒரே குறை. ஒரே குறைதான், ஆனால் என்ன குறை!

அந்தக் கோரைக்குள் வடிவு என்று ஒரு முயல் இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கடலைக்காட்டுப் பக்கம் போன புருஷனை நாய்கள் பிடித்துக்கொண்டன. மூன்று குட்டிகளையும் வடிவு தனியாகத்தான் பார்த்துக்கொண்டது.

அது புரட்டாசி மாதம். ஒருநாள் காலையில் வடிவு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தது. காது இரண்டும் தொங்கிப்போய் இருந்தன.

"என்ன வடிவு, முகமே சரியில்லையே!" என்றது செம்போத்து.

"பயமா இருக்கு அண்ணே."

"எதுக்குப் பயம்?"

"மழைக்காலம் வருது. வரத்துக் கால்வாயில தண்ணி வந்துச்சுன்னா முதல்ல நிரம்புறது எங்க பள்ளம்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுவேன்?"

"உம். எங்க போனா நல்லதுன்னு உனக்குத் தோணுது?"

வடிவு யோசித்தது. பிறகு கரையைத் தாண்டித் தெரிந்த மேட்டைப் பார்த்தது. "அந்த மேடுதான் அண்ணே. அங்க இருக்கிற கள்ளிப் புதருக்குள்ள தண்ணியும் வராது, நாயும் வராது."

"உம். அப்புறம் எது உன்னைத் தடுக்குது?"

வடிவு தரையைக் கிளறியது.

"அந்தப் புதர்ல பேச்சி இருக்காளே!"

பேச்சி வடிவின் ஓரகத்தி. வடிவின் புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி. முன்பு இரண்டு குடும்பமும் ஒரே புதரில்தான் இருந்தன. ஒருநாள் பேச்சுவாக்கில் பேச்சி, "உன் காது என்னடி எலிக்காது மாதிரி இருக்கு?" என்று சொல்லிவிட்டது. ஒரு முயலைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? "உன் வாயி உடைஞ்ச மடை மாதிரி திறந்தே கிடக்கு!" என்று வடிவும் விடவில்லை. அன்றைக்கே புருஷனை இழுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பேச்சியோடு பேச்சில்லை என்று கௌதாரிகள் கேலி பேசிச் சிரிக்கும்.

புதரில் குடியிருக்கும் முயலைக் கேட்காமல் இன்னொரு முயல் உள்ளே நுழையக்கூடாது. அது முயல்களிடம் உள்ள கட்டுப்பாடு. ஆகவே பேச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

"உனக்குப் பிள்ளைங்க பெருசா, அந்தச் சண்டை பெருசா?" என்று செம்போத்து மெதுவாகக் கேட்டது.

வடிவின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "பிள்ளைகதான் அண்ணே!"

"அப்போ என்ன செய்யணும்?"

"பேச்சியக்காகிட்ட போய் இடம் கேட்கணும்."

"உம்!"

"கேட்டுரலாம் அண்ணே! இதுல என்ன இருக்கு? கேட்டுரலாம்!"

"உம்! உம்!" என்று செம்போத்து சிறகடித்தது.

வடிவு எழுந்தது. காதுகள் நிமிர்ந்துவிட்டன. "இப்பத்தான் அண்ணே மூச்சே வருது" என்று சொல்லிவிட்டு, துள்ளித் துள்ளிப் போனது.

எங்கே போனது என்கிறீர்கள்? மேட்டுக்கா? இல்லை. அறுகம்புல் மேயப் போனது.

வடிவைத் திட்டிவிடாதீர்கள். நானும் நீங்களும் செய்யாததையா அது செய்தது? நெஞ்சில் கனத்துக் கிடந்ததை இறக்கி வைத்தாகிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது. பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. பாதிதான் முடிந்துவிட்டதே, மீதிக்கு என்ன அவசரம்? இன்றைக்கு வெயில் அதிகம். நாளைக்குப் போகலாம். நாளை வந்தது. பேச்சி எந்த மனநிலையில் இருக்கிறாளோ, இன்னொரு நாள் போகலாம். இப்படியே நாலு நாள் போனது.

நாலாம் நாள் அந்த நிம்மதி தீர்ந்துவிட்டது. பயம் திரும்ப வந்தது. வடிவு மறுபடியும் மரத்தடிக்கு வந்தது.

"அண்ணே, தூக்கமே வர மாட்டேங்குது."

இந்த இடத்தில் செம்போத்து ஒன்று கேட்டிருக்க வேண்டும். "பேச்சிகிட்ட கேட்டியா?" அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. ஆனால் அது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவளை வாசலிலேயே நிறுத்திக் கணக்குக் கேட்பது போல இருக்குமே என்று நினைத்தது. மனசு ஒடிந்து வந்திருக்கிறாள், நெருக்கினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்றும் நினைத்தது. பாவம், அன்பினால்தான் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக, "பேச்சி என்ன சொல்லிருவான்னு பயப்படுறே?" என்று கேட்டது.

"'அன்னைக்கு வாய் மடைன்னு சொன்னவதானே நீ, இப்ப என்ன மூஞ்சியோட வந்தே'ன்னு கேட்பா அண்ணே."

"அப்படிக் கேட்டா நீ என்ன சொல்லுவே? இந்தா, நான்தான் பேச்சின்னு வச்சுக்கோ. சொல்லு."

செம்போத்து கிளையிலிருந்து இறங்கியது. மார்பை நிமிர்த்தி, வாலை விரித்து, பேச்சி மாதிரியே கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றது. "வாடி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றது. வடிவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

"அக்கா, நான் சொன்னது தப்புதான். உன் கொழுந்தனும் போயிட்டாரு. நானும் மூணு பிள்ளைகளும் பள்ளத்துல கிடக்கோம். ஒரு ஓரமா இடம் குடு அக்கா."

"நானும்தான் ஒரு வார்த்தை கூடச் சொல்லிட்டேன். உன் காது நல்ல காதுதான்டி. வா, வந்து இரு!" என்றது செம்போத்து, பேச்சியின் குரலில்.

வடிவு விம்மி விம்மி அழுதது. ஐந்து மாதச் சண்டை தீர்ந்துவிட்டது. அக்காவும் தங்கையும் சமாதானமாகிவிட்டார்கள். ஒரே ஒரு குறைதான். பேச்சி அங்கே இல்லை.

"இவ்வளவுதானே அண்ணே! இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்? அடுத்து அவளைப் பார்க்கும்போது கேட்டுரலாம்!"

"உம்! உம்!"

வடிவு போன பிறகு மேல்கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே ஓணான் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஓணானுக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பழக்கம் உண்டு. ஆனால் அன்றைக்கு அது தலையை ஆட்டவில்லை.

"எப்போ போறாளாம்?" என்றது ஓணான்.

"போவா. மனசு தெளிஞ்சிருச்சுல்ல!"

"அது சரி. எப்போன்னு கேட்டேன்."

"நீ பார்க்கலையா? எப்படி அழுதா! உள்ளுக்குள்ள பெரிய மாற்றமே வந்திருச்சு. இனி தானா நடக்கும்."

"பேச்சியும் இவளும் எதிரெதிரா வர்ற வழியே கிடையாது. அவ கரைக்கு அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம். 'அடுத்துப் பார்க்கும்போது'ன்னா அது எந்த நாளு?"

செம்போத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளும் நேரமும் குறிக்க இது என்ன கல்யாணமா? நெருக்குனா உறவு கெட்டுப்போகும். உனக்கு மனசு சம்பந்தப்பட்டது எதுவும் புரியாது. போய்ப் பூச்சியைப் பிடி!"

ஓணான் பூச்சி பிடிக்கப் போய்விட்டது. வேறென்ன செய்யும்?

மேலும் ஒரு வாரம் கடந்தது. மேற்கே மலை உச்சி கறுத்துக்கொண்டே வந்தது. தட்டான்கள் தாழப் பறந்தன. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கரையேறின. செம்போத்து அந்த வரிசையைப் பார்த்தது. அந்த எறும்புகள் யாரும் எவரிடமும் போய் மனசைக் கொட்டவில்லை. முட்டையைத் தூக்கின, நடந்தன.

அன்று சாயங்காலம் வடிவு மூன்றாம் முறையாக வந்தது.

"மேகத்தைப் பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன்."

"பிள்ளைகளுக்கு இப்பத்தான் கால் ஊன்றுது. தத்தக்கா புத்தக்கான்னு நாலு எட்டு வைக்குதுக. இன்னும் ரெண்டு நாள்ல நல்லா நடந்திரும். அப்புறம் பேச்சிகிட்ட கேட்டுட்டு, மெதுவா கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்."

செம்போத்து தலையை நிமிர்த்தியது. 'போயிரலாம்' என்ற அந்த வார்த்தையை முதன்முதலாக அது கவனித்தது. அதில் போகிறவள் யார், போகிற நேரம் எது, ஒன்றும் இல்லையே! "இப்பவே போ. நானும் கூட வர்றேன்" என்று சொல்ல அலகைத் திறந்தது.

அதற்குள் வடிவு சொன்னது: "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ! உங்ககிட்ட பேசுனாலே எனக்குப் போதும் அண்ணே!"

அந்தப் பாராட்டு தேன் மாதிரி இறங்கியது. திறந்த அலகு மூடிக்கொண்டது. இத்தனை அன்பாகப் பேசுகிறவளை விரட்டுவதா?

"உம்" என்றது செம்போத்து.

மறுநாள் நல்ல வெயில். கண்மாயில் ஒரு சொட்டு மழை இல்லை. மழை பெய்ததெல்லாம் மலையில். மத்தியானம் போல வரத்துக் கால்வாய்ப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தது செம்போத்து. மரத்தின் உச்சிக்குத் தாவிப் பார்த்தது. காற்று இல்லை. சருகும் நுரையுமாகச் செந்தண்ணீர் கோரையைச் சாய்த்துக்கொண்டு வந்தது!

"தண்ணி! தண்ணி! வடிவு! தண்ணி வருது!"

வடிவு கண்மாயின் அடுத்த முனையில் மேய்ந்துகொண்டிருந்தது. குரல் கேட்டதும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வந்தது. வந்து சேர்ந்தபோது குழியின் விளிம்பு நனைந்திருந்தது. மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன.

முயலுக்கு ஒரு வாய்தான். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையைத்தான் தூக்க முடியும்.

வடிவு மூத்ததைக் கவ்வியது. ஓடியது. கரையேறியது. மறுபக்கம் இறங்கியது. கள்ளிப் புதருக்குள் நேராக நுழைந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. பேச்சியின் காலடியில் குட்டியைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க நின்றது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள்.

"இன்னும் எத்தனைடி?" என்றது பேச்சி.

"ரெண்டுக்கா!"

"நிக்காதே, ஓடு! நானும் வர்றேன்!"

இரண்டு முயல்களும் சேர்ந்து கரையேறின. பேச்சிக்கு வயசானாலும் கால் நல்ல கால். வேகமாக ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் இரண்டும் தாவித் தாவிப் போயின.

அங்கே, குழியின் பக்கத்தில் செம்போத்து நாணலைப் பற்றிக்கொண்டு தொங்கியது. அதற்குப் பலமாகப் பறக்கவும் தெரியாது. ஒரு முயல்குட்டியைத் தூக்குகிற வலு அதன் அலகுக்கும் இல்லை. இழுத்துப் பார்த்தது. முடியவில்லை. நடுக்குட்டி எப்படியோ ஒரு வேர்முண்டில் தொற்றிக்கொண்டது. கடைக்குட்டி கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

"மாமா, அம்மா வருவாங்களா?"

"வருவா கண்ணு. வந்துருவா."

"எப்போ மாமா?"

எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வி கேட்ட பறவை அது. இந்த ஒரு கேள்வியை மட்டும் அது யாரையும் கேட்டதில்லை. இப்போது ஒரு குட்டி அதனிடம் கேட்டது.

"எப்போ?"

அலை வந்தது. இரண்டு முயல்களும் வந்து சேர்ந்தன. வேர்முண்டில் இருந்த குட்டியைப் பேச்சி கவ்வியது. வடிவு குழி இருந்த இடத்தில் முங்கியது. எழுந்தது. மறுபடி முங்கியது. நாலு முறை முங்கியது. அதன் வாயில் கோரைதான் வந்தது.

பேச்சிதான் அதை முட்டித் தள்ளிக்கொண்டு கரையேற்றியது.

சாயங்காலம் கண்மாய் நிறைந்துவிட்டது. தண்ணீரில் மலையும் மேகமும் அழகாகத் தெரிந்தன. கொக்குகள் வந்து இறங்கின. கண்மாய் பெருகினால் ஊருக்கெல்லாம் சந்தோஷம்தான். அன்றைக்கு ஒரே ஒரு புதரில் மட்டும் அழுகைச் சத்தம் கேட்டது.

பேச்சி இரண்டு குட்டிகளையும் நக்கித் துவட்டி, புதரின் கிழக்குப் பக்கமாகப் படுக்க வைத்தது. அங்கே காய்ந்த புல் மெத்தென்று பரப்பியிருந்தது. புதிதாகப் பரப்பியது இல்லை. பல நாளாக அங்கே கிடந்த புல்.

"இது யாருக்கு அக்கா?" என்றது வடிவு.

பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "உனக்குத்தான்டி. கொழுந்தன் போன சேதி வந்தப்பவே பரப்பி வச்சேன். நீ வந்து கேட்பேன்னு பார்த்தேன். நீ வரலை. நானே போய்க் கூப்பிடலாம், கூப்பிடலாம்னு தினமும் நினைச்சேன். கரை வரைக்கும்கூட ஒருநாள் வந்தேன்."

வடிவு அந்தப் புல்லில் முகம் புதைத்துப் படுத்துக்கொண்டது. புல் மூன்று குட்டிகளுக்குப் போதுமான அளவு இருந்தது.

கள்ளிக்கு மேலே செம்போத்து ஈரச் சிறகோடு உட்கார்ந்திருந்தது. அது எல்லாவற்றையும் கேட்டது. உம் கொட்டவில்லை.

பத்து நாள் அது யாரோடும் பேசவில்லை. கருவேல மரத்தின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. கரைமேல் இருந்த ஒரு வேம்புக்குக் குடிமாறியது. பதினோராம் நாள் உடும்பு வந்தது. பாவம், அதற்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. சரியாகச் சாப்பிட முடியவில்லை. முள்ளம்பன்றியிடம் போனால் பிடுங்கிவிடும். ஆனால் வலிக்குமே என்று பயம்.

"வலியை நினைச்சா உம்மண்ணே, உடம்பெல்லாம் ஆடுது" என்று உடும்பு அரைமணி நேரம் பேசியது. செம்போத்தும் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் உடும்பு பெருமூச்சு விட்டது. "இப்ப மனசு லேசாயிருச்சு. போய்ப் பிடுங்கிரலாம்!"

"எப்போ?" என்றது செம்போத்து.

உடும்பு திடுக்கிட்டது. "என்னது?"

"எப்போ போறே?"

"போகலாம் அண்ணே, போகலாம்..."

"போகலாம் வேண்டாம். போறேன்னு சொல்லு. எந்த நாளு, எந்நேரம்?"

"என்னண்ணே இப்படி நெருக்குறீங்க! முன்ன மாதிரி இல்லையே நீங்க!"

"இல்லைதான். நாளைக்குக் காலையில வெயில் கரையைத் தொடும்போது நீ முள்ளம்பன்றி வளைக்கு முன்னால நிக்கிறியா, இல்லையா? நிப்பேன்னு சொன்னா நானும் வந்து பக்கத்துல நிக்கிறேன். வலிச்சா என் சிறகைக் கடிச்சுக்கோ."

உடும்பு முறைத்தது. விருட்டென்று எழுந்து போய்விட்டது. கௌதாரியும் அப்படித்தான் மறுநாள் கோபித்துக்கொண்டு போனது. உம்மண்ணன் கெட்டுப்போய்விட்டார், கேட்கிற பொறுமை போய்விட்டது என்று கரை முழுக்கப் பேச்சு. வேம்பு மரத்தடியில் கூட்டம் குறைந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் உடும்பு தானாகவே வந்தது. "இன்னைக்கு... இப்பவே போறேன். கூட வர்றீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. செம்போத்து கூடப் போனது. ஒரு சிறகிறகு போனது. உடும்புக்குப் பல் போனது. அன்று மத்தியானமே அது நண்டு தின்றது.

பல்லைப் பிடுங்கிவிட்டு அவர்கள் திரும்பி வந்த வழி கள்ளிப் புதரை ஒட்டித்தான் போகும். வடிவு புதர் வாசலில் உட்கார்ந்திருந்தது. இரண்டு குட்டிகளும் பக்கத்தில் புல் கடித்துக்கொண்டிருந்தன. உடும்பு நின்று நடந்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னது.

"எப்போன்னு ஒரே பிடியா நின்னுட்டாரு! விடலையே! அந்தக் கேள்வி மட்டும் இல்லேன்னா நான் இன்னும் மரத்தடியில உட்கார்ந்து பேசிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்!"

உடும்பு போய்விட்டது. செம்போத்து மட்டும் நின்றது. தலையைக் குனிந்துகொண்டது.

"வடிவு, இனிமே காலையில நீ மேயப் போற நேரமெல்லாம் நான் இந்தக் கள்ளி மேல உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கிறேன். நாளையிலிருந்து வர்றேன்" என்றது.

வடிவு தலையசைத்தது. கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூடச் செம்போத்து தாங்கியிருக்கும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, மிக மெதுவாகச் சொன்னது:

"எப்போன்னு அன்னைக்கு என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே!"

பிறகு, "நானும் அக்காவைக் கேட்டிருக்கலாம்" என்றது.

மனம்விட்டுப் பேசுவது நல்லதுதான், ஆனால் பேச்சு முடியும்போது நாளும் நேரமும் சொல்லி 'செய்கிறேன்' என்று எழுந்திருங்கள், கேட்டவரும் 'எப்போது' என்று கேட்காமல் விடாதீர்கள். ஏனென்றால் 'செய்யலாம்' என்று விட்டதெல்லாம் ஒருநாள் 'செய்திருக்கலாம்' என்றுதான் திரும்பி வரும்.